சி ப்ராஜெக்ட்ல யாருமே யூஸ் பண்ணாத இஃப்டெஃப் கோடை உடையாம எடுக்குறது எப்படி

பத்து வருஷத்துக்கு மேல பழசான ஒரு சி ப்ராஜெக்ட்டை திறந்து பாருங்க, ஒரு ஃபங்ஷனை மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே மூச்சுல படிக்க முடியாது. நடுநடுவுல #இஃப்டெஃப், #எல்ஸ், #எண்டிஃப்னு (ஒரு துண்டு கோடை சேர்க்கவா விடவான்னு சொல்ற வரிங்க) குறுக்க வந்துக்கிட்டே இருக்கும், அதுல பாதி எந்த மெஷினுக்காக எழுதினது, யார் கேட்டு எழுதினதுன்னு இப்ப இருக்குறவங்க யாருக்கும் தெரியாது. எடுத்துடலாம்னு கை போகும், எடுத்தா எங்கயாவது உடைஞ்சிடுமோன்னு பயமும் வரும், கடைசில தொடாம விட்டுட்டு வந்துடுவோம். நமக்கு முன்னாடி வந்தவங்களும் இதையேதான் பண்ணிட்டு போயிருக்காங்க.

அந்த பயம் நியாயமானது. ஆனா மத்த க்ளீனப் வேலைல எல்லாம் இல்லாத ஒரு வசதி இதுல இருக்கு: நீங்க எடுத்த கோடு நிஜமாவே சேராத கோடுன்னா, எடுக்குறதுக்கு முன்னாடி வந்த ஆப்ஜெக்ட் ஃபைலும் (கம்பைலர் உருவாக்குற மெஷின் கோடு ஃபைல்) எடுத்ததுக்கு அப்புறம் வர்ற ஆப்ஜெக்ட் ஃபைலும் ஒரு பைட் கூட மாறாம அப்படியே இருக்கணும். அதாவது "நான் எதையும் கெடுக்கலை"ன்னு வாயால சொல்ல வேண்டாம், கம்பைலரையே சாட்சிக்கு கூப்பிடலாம். இது தெரிஞ்சா பாதி பயம் போயிடும், மீதி பாதிக்கு கொஞ்சம் துப்பறியணும், அதைத்தான் விவரமா சொல்லப் போறேன்.

முதல்ல அடிப்படை

சி கோடு கம்பைலர் கைக்கு போறதுக்கு முன்னாடி ப்ரீப்ராசஸர்னு ஒண்ணு அதை படிக்கும். # போட்டு ஆரம்பிக்குற வரிங்க எல்லாம் அதுக்கு சொல்ற கட்டளை. #இன்க்ளூட் வந்தா அந்த ஃபைலை கொண்டுவந்து ஒட்டும், #டெஃபைன் வந்தா ஒரு பேரை ஞாபகம் வச்சுக்கும் (இந்த பேரைத்தான் மேக்ரோன்னு சொல்வாங்க), #இஃப்டெஃப் வந்தா "இந்த பேர் டெஃபைன் ஆகியிருக்கா"ன்னு பார்த்து, ஆகியிருந்தா கீழ இருக்குற வரிங்களை விடும், இல்லைன்னா தூக்கிடும். உதாரணத்துக்கு இப்படி ஒரு துண்டு இருக்குன்னு வச்சுக்குவோம்:

#இஃப்டெஃப் யூஸ்_ஓல்ட்_லாக்
    பழைய லாக் ஃபைல்ல எழுதுற கோடு
#எல்ஸ்
    புது லாக் சிஸ்டத்துக்கு அனுப்புற கோடு
#எண்டிஃப்

யூஸ்_ஓல்ட்_லாக் அப்படிங்குற மேக்ரோ எங்கயும் டெஃபைன் ஆகலைன்னா மேல இருக்குற பாதியை கம்பைலர் கண்ணாலயே பார்க்காது. வார்னிங் கிடையாது, டைப் செக் கிடையாது, உள்ள இல்லாத ஃபங்ஷனை கூப்பிட்டிருந்தா கூட ஒரு எர்ரர் வராது. ரன்டைம்ல எழுதுற சாதாரண இஃப்புக்கும் இதுக்கும் இருக்குற பெரிய வித்தியாசம் இதுதான், சாதாரண இஃப்ல பொய்யாப் போற கிளையும் கம்பைல் ஆகும், இங்க அது ஃபைல்லயே இல்லாத மாதிரி.

ஒரு சின்ன விஷயம், விலக்கின கிளைக்குள்ளயும் ப்ரீப்ராசஸர் வார்த்தை வார்த்தையா மேலோட்டமா படிச்சுக்கிட்டேதான் போகும், உள்ள இருக்குற #இஃப் #எண்டிஃப் ஜோடியை எண்ணணும் இல்லையா. அதனாலதான் #இஃப் 0 க்குள்ள ஆங்கிலத்துல ஒரு குறிப்பு எழுதி அதுல ஒத்தை மேற்கோள் குறி ஒண்ணு மூடாம நின்னுச்சுன்னா ஜிசிசி கம்பைலர் ஒரு வார்னிங் குடுக்கும், புதுசா வர்றவங்க இதைப் பார்த்து குழம்புவாங்க.

அது பாட்டுக்கு கிடக்கட்டுமேன்னு விட்டா என்ன

கம்பைல் ஆகாத கோடு கெட்டுப்போயிடும். சுத்தி இருக்குற ஃபங்ஷன் பேர் மாறும், ஸ்ட்ரக்ட்ல ஃபீல்டு மாறும், அந்த கிளைக்குள்ள மட்டும் பழைய பேரே இருக்கும், யாருக்கும் தெரியாது. கெட்டுப்போச்சுன்னு தெரியாதது இன்னும் மோசம், ஏன்னா படிக்குறவர் அதை வேலை செய்யுற கோடுன்னு நம்பி படிப்பார்.

இதுக்கு எல்லாரும் அறிஞ்ச ஒரு உதாரணம் ஓப்பன்எஸ்எஸ்எல், நெட்ல போற டேட்டாவை பூட்டி அனுப்புற லைப்ரரி. 2014 ஏப்ரல்ல அதுல ஹார்ட்பிளீட்னு ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்ப பலர் அந்த கோடை முதல் தடவையா உட்கார்ந்து படிச்சாங்க. அதுல மெமரி பஃபரை தானே சேர்த்து வச்சுக்குற ஒரு ஃப்ரீலிஸ்ட் ஏற்பாடு இருந்துச்சு, அதை கம்பைல் பண்றப்பவே அணைக்குறதுக்கு ஒரு மேக்ரோவும் இருந்துச்சு. அதை அணைச்சு பில்ட் பண்ணா கனெக்‌ஷனே உடையுது, காரணம் ஒரு இடத்துல பஃபரை விட்டுட்டு உடனே அதே பஃபர் பழைய டேட்டாவோட திரும்ப வரும்னு நம்பி எழுதின பக் ஒண்ணு உள்ள இருந்திருக்கு. ஆப்ஷன்னு பேருக்கு இருந்துச்சு, அந்த ஆப்ஷனை போட்டு யாரும் ஓட்டிப் பார்த்ததில்லை. அதுக்கப்புறம் ஓப்பன்பிஎஸ்டி ஆளுங்க அந்த கோடை தனியா பிரிச்சு லிப்ரெஎஸ்எஸ்எல்னு ஆரம்பிச்சப்ப முதல்ல கையில எடுத்த வேலையே இந்த மாதிரி கிளைங்களை வெட்டுறதுதான், விஎம்எஸ், பழைய மேக் ஓஎஸ், 16 பிட் விண்டோஸ்னு வரிசையா போச்சு, ஆரம்பத்துலயே சுமார் 90,000 வரி சி கோடு எடுத்தாங்க. எடுத்ததுக்கு அப்புறம்தான் மிச்சத்தை மனுஷன் படிக்க முடிஞ்சுது.

கணக்கும் ஒண்ணு இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 10 மேக்ரோ இருந்தா 1,024 விதமா அந்த ப்ரோக்ராமை பில்ட் பண்ணலாம், 20 இருந்தா 10 லட்சத்தை தாண்டிடும், 33 ஆச்சுன்னா உலகத்து ஜனத்தொகையை விட அதிகம். நீங்க டெஸ்ட் பண்றது ரெண்டோ மூணோ. ஒரு செத்த மேக்ரோவை எடுத்தா அந்த எண்ணிக்கை பாதியாகுது, அதுவும் எந்த ஃபீச்சரும் போகாம.

யூஸ் ஆகலைன்னு யார் சொன்னது

இதுதான் இந்த வேலையோட கஷ்டமான பகுதி, இங்கதான் நிறைய நேரம் குடுக்கணும். புதுசா பண்றவங்க என்ன பண்ணுவாங்கன்னா கிட் க்ரெப் (ரெப்போல, அதாவது ப்ராஜெக்ட்டோட மொத்த ஃபைலுங்கள்லயும், ஒரு வார்த்தையை தேடுற கமாண்ட்) போட்டு அந்த மேக்ரோவுக்கு #டெஃபைன் எங்கயும் இல்லையே, அப்ப யாரும் யூஸ் பண்ணலைன்னு முடிவு கட்டிடுவாங்க. #டெஃபைன் இல்லைன்னா டெஃபைன் ஆகலைன்னு அர்த்தம் இல்லைங்க, ஒரு மேக்ரோ உள்ள வர்றதுக்கு எக்கச்சக்க வாசல் இருக்கு.

கம்பைலர் கமாண்ட்லயே மைனஸ் டி போட்டு குடுக்கலாம், அது மேக்ஃபைல்லயோ சிமேக் ஃபைல்லயோ சிஐ (தானா பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டுற ஏற்பாடு) ஸ்க்ரிப்ட்லயோ டாக்கர்ஃபைல்லயோ இருக்கும், அதனால தேடுறப்ப டாட் சி, டாட் ஹெச் ஃபைல் மட்டும் தேடாதீங்க, மொத்த ரெப்போவையும் தேடுங்க. டாட் பெரிய எஸ் போட்ட அசெம்பிளி ஃபைலும் ப்ரீப்ராசஸர் வழியா போகும், லிங்கர் ஸ்க்ரிப்ட்டை கூட சில ப்ராஜெக்ட்ல அது வழியா ஓட்டுவாங்க.

இதை விட நைசான ஒண்ணு, பேர் முழுசா எங்கயுமே எழுதியிருக்காது. ஆட்டோகான்ஃப் (பில்ட் பண்ற மெஷின்ல என்னென்ன இருக்குன்னு சோதிக்குற டூல்) யூஸ் பண்ற ப்ராஜெக்ட்ல கான்ஃபிகர் டாட் ஏசி ஃபைல்ல வெறும் ஃபங்ஷன் பேரை மட்டும் குடுத்து இது இருக்கான்னு பாருன்னு எழுதுவாங்க, ஆட்டோகான்ஃப் அந்த பேரை பெரிய எழுத்தாக்கி முன்னாடி ஹேவ்_ ன்னு சேர்த்து கான்ஃபிக் டாட் ஹெச்ல போடும். ஹேவ்_ஸ்டர்டப் அப்படின்னு தேடினா பில்ட் ஃபைல்ல ஒண்ணும் கிடைக்காது, ஆனா மேக்ரோ உயிரோட இருக்கு. லினக்ஸ் கெர்னல்லயும் இதே கதை, கேகான்ஃபிக்ங்குற ஆப்ஷன் ஃபைல்ல பேர் கான்ஃபிக்_ இல்லாம இருக்கும், சி கோடுல கான்ஃபிக்_ ஓட இருக்கும். அதனால முழுப் பேரை தேடினதோட நிறுத்தாம முன்னொட்டை வெட்டிட்டு சின்ன எழுத்து பெரிய எழுத்து பார்க்காம இன்னொரு தடவை தேடுங்க.

அப்புறம் கம்பைலரே சொந்தமா டெஃபைன் பண்றது. விண்டோஸா லினக்ஸா, எந்த ப்ராசஸர், எந்த கம்பைலர் வெர்ஷன்னு எல்லாம் மேக்ரோவாத்தான் வரும், உங்க ரெப்போல ஒரு இடத்துலயும் இருக்காது. ஜிசிசிக்கு மைனஸ் டிஎம் மைனஸ் ஈ ன்னு ரெண்டு ஃப்ளாக் குடுத்து காலியான ஃபைலை உள்ள விட்டா அது தானா டெஃபைன் பண்ற எல்லாத்தையும் வரிசையா கொட்டும், ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, முன்னூறுக்கு மேல வரும். உங்க சொந்த ஃபைலையும் இதே ஃப்ளாக்ல விட்டா அந்த பில்ட்ல கடைசில என்னென்ன டெஃபைன் ஆகி நிக்குதுன்னு தெரிஞ்சிடும்.

இன்னும் மூணு பேரை தொடவே கூடாது. ஒண்ணு என்டீபக், அதை பொதுவா யாரும் கோடுல டெஃபைன் பண்ண மாட்டாங்க, ரிலீஸ் பில்ட்ல வெளிய இருந்து குடுப்பாங்க, அசர்ட் (ஒரு கண்டிஷன் உண்மையான்னு ஓடுறப்ப சோதிக்குற வரி) எல்லாம் அதை நம்பித்தான் இருக்கு. ரெண்டாவது __சிப்ளஸ்ப்ளஸ். சி கம்பைலர் இதை டெஃபைன் பண்ணவே பண்ணாது, அதனால சி ப்ராஜெக்ட்ல இது நூறு சதவீதம் செத்த கோடு மாதிரியே தெரியும், ஆனா உங்க ஹெடரை ஒரு சி ப்ளஸ் ப்ளஸ் ப்ரோக்ராம் இன்க்ளூட் பண்றப்ப அதுதான் லிங்க் எர்ரர் வராம காப்பாத்துது. மூணாவது ஹெடர் கார்டு, ஒரே ஹெடர் ரெண்டு தடவை உள்ள வராம தடுக்குற #இஃப்என்டெஃப். லிஸ்ட் எடுக்குற டூல் எல்லாம் இந்த மூணையும் மத்ததோட சேர்த்தே காட்டும், கண்ணை மூடிட்டு லிஸ்ட்டை நம்பி வெட்டினா போச்சு. டாக்ஸிஜன், ஸ்டாட்டிக் அனலைசர் மாதிரி டூலுங்க ஓடுறப்ப மட்டும் டெஃபைன் ஆகுற மேக்ரோவும் இருக்கும், அதையும் கவனிங்க.

கடைசி வாசல், உங்களுக்கு தெரியாத மனுஷங்க. உங்க ப்ராஜெக்ட்டை எடுத்து லினக்ஸ் டிஸ்ட்ரோல பேக்கேஜ் பண்றவர் அவரோட ஸ்க்ரிப்ட்ல சிஃப்ளாக்ஸ்ல ஒரு மைனஸ் டி போட்டிருக்கலாம், ரெப்போல எவ்வளவு தேடினாலும் அது தெரியாது. ரீட்மீலயோ இன்ஸ்டால் ஃபைல்லயோ இந்த மேக்ரோவைப் பத்தி ஒரு வரி எழுதியிருந்தா வெளிய யாரோ யூஸ் பண்றாங்கன்னே வச்சுக்கங்க. அப்படி சந்தேகம் இருந்தா உடனே வெட்ட வேண்டாம், முதல்ல அந்த கிளைக்குள்ள ஒரு #எர்ரர் வரி போடுங்க, "இது அடுத்த ரிலீஸ்ல போகப் போகுது, வேணும்னா சொல்லுங்க"ன்னு. ஒரு ரிலீஸ் அப்படியே விடுங்க. யூஸ் பண்றவர் இருந்தா பில்ட் நின்னுடும், அவரே தேடி வந்து சொல்லுவார். வார்னிங் போட்டா யாரும் படிக்க மாட்டாங்க, #எர்ரர்தான் படிக்க வைக்கும்.

இவ்வளவும் பார்த்ததுக்கு அப்புறம் ஒவ்வொரு மேக்ரோவுக்கும் மூணு பதில்தான் இருக்கு: எப்பவும் டெஃபைன் ஆகியிருக்கு, எப்பவும் ஆகலை, தெரியலை. தெரியலைன்னா தொடாதீங்க. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லை, மத்ததை எடுத்து முடிச்சதுக்கு அப்புறம் அது தானா புரியுறதும் உண்டு.

எந்தப் பக்கத்தை வெட்டணும்

கேட்டா சிரிப்பா இருக்கும், ஆனா தப்பு பக்கத்தை வெட்டுறது ரொம்ப சகஜம். காரணம் நோ_, டிசேபிள்_, வித்தவுட்_ ன்னு ஆரம்பிக்குற மேக்ரோங்க. #இஃப்என்டெஃப் நோ_கேஷ் அப்படின்னு இருந்தா, நோ_கேஷ் டெஃபைன் ஆகலைன்னா உள்ள இருக்குற கேஷ் கோடு சேரும். இங்க மேக்ரோ செத்தது, கோடு உயிரோட இருக்கு. மேக்ரோ யூஸ் ஆகலைங்குறதும் கோடு யூஸ் ஆகலைங்குறதும் வேற வேற. மனசுல ரெண்டு "இல்லை" சேர்ந்தா எல்லாருக்குமே குழப்பம் வரும், அதனால வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல "நோ_கேஷ் எப்பவும் ஆகலை, அதனால கேஷ் கோடு இருக்கும்"னு முழு வாக்கியமா எழுதிப் பாருங்க.

அடுத்தது #இஃப்டெஃப்புக்கும் #இஃப்புக்கும் உள்ள வித்தியாசம். மேக்ரோவை 0 ன்னு டெஃபைன் பண்ணியிருந்தா #இஃப்டெஃப் அதை "இருக்கு"ன்னு எடுத்துக்கும், #இஃப் "இல்லை"ன்னு எடுத்துக்கும். அதே மாதிரி #இஃப்ல டெஃபைனே ஆகாத பேர் வந்தா சி மொழி விதிப்படி அது சத்தமில்லாம 0 ஆயிடும், பேர்ல ஒரு எழுத்து பிழை இருந்தா கூட எர்ரர் வராது, அந்த கிளை வருஷக்கணக்கா சேராமலே கிடக்கும். ஜிசிசி, க்ளாங்னு ரெண்டு கம்பைலர்லயும் டபிள்யூஅன்டெஃப் வார்னிங்கை ஆன் பண்ணா இந்த மாதிரி இடத்தை காட்டிக் குடுக்கும். இதை வெட்டுறதுக்கு முன்னாடியே ஓட்டுறது நல்லது, ஏன்னா நீங்க செத்த கோடுன்னு நினைச்சது உண்மைல எழுத்துப்பிழையால ஓடாம போன பக் ஃபிக்ஸா இருக்கலாம், அப்ப எடுக்கக் கூடாது, சரி பண்ணணும். கான்ஃபிக் டாட் ஹெச்சை இன்க்ளூட் பண்ண மறந்த ஃபைல்லயும் இதே தான் நடக்கும்.

கையால வெட்டாதீங்க, டூல் இருக்கு

ரெண்டு இடம்னா கையால எடுக்கலாம். ஐம்பது ஃபைல்ல பரவியிருந்தா எங்கயாவது ஒரு #எண்டிஃப் மாறிப் போகும், கண்ணுக்கும் தெரியாது. சரி ப்ரீப்ராசஸரையே ஓட்டி அதோட அவுட்புட்டை எடுத்துக்கலாமேன்னு சிலர் கேப்பாங்க. முடியாது, அது ஹெடர் எல்லாத்தையும் ஒட்டிடும், மேக்ரோவை எல்லாம் விரிச்சிடும், கமெண்ட்டை தூக்கிடும், எல்லா #இஃப்டெஃப்பையும் தீர்த்துடும். நமக்கு வேண்டியது ஒரே ஒரு மேக்ரோவை மட்டும் தீர்த்துட்டு மத்த எதையும் தொடாத ஒரு ஆள்.

அந்த ஆள் பேர் அன்இஃப்டெஃப். 1980கள்ல இருந்து இருக்குற டூல், பிஎஸ்டி சிஸ்டத்துல எல்லாம் வரும், லினக்ஸ் கெர்னல் கூட வெளிய குடுக்குற ஹெடர்ல இருந்து கெர்னலுக்கு மட்டுமான பகுதியை உரிச்சு எடுக்க இதோட காப்பி ஒண்ணை உள்ளயே வச்சிருக்கு. யூஸ் பண்றது சுலபம். மைனஸ் யூ போட்டு மேக்ரோ பேரை ஒட்டி எழுதினா "இது டெஃபைன் ஆகலைன்னு வச்சுக்கோ"ன்னு அர்த்தம், மைனஸ் டி போட்டா "ஆகியிருக்குன்னு வச்சுக்கோ". சொல்லாத மேக்ரோவை எல்லாம் தெரியலைன்னு அப்படியே விட்டுடும், நாம மேல பார்த்த அதே மூணு பதில். மைனஸ் எம் போட்டா ஃபைலையே மாத்தும், மைனஸ் எஸ் போட்டா ஃபைல்ல வர்ற மேக்ரோ பேரை எல்லாம் லிஸ்ட் எடுக்கும். #இஃப் 0 வை மட்டும் சொல்லாம தொடாது, அதை நிறைய பேர் குறிப்பு மாதிரி வச்சிருப்பாங்கன்னு விட்டுடும், வேணும்னா மைனஸ் கே போடணும்.

ஸ்க்ரிப்ட்ல போடுறவங்களுக்கு ஒண்ணு, ஃபைல்ல மாற்றம் இருந்தா அது திருப்பிக் குடுக்குற எண் 1, மாற்றம் இல்லைன்னா 0, பிரச்சனைன்னா 2. அதனால எர்ரர் வந்தா நிக்குற மாதிரி எழுதின ஷெல் ஸ்க்ரிப்ட் மாற்றம் வந்த முதல் ஃபைல்லயே நின்னுடும்.

அதால முடியாததும் இருக்கு. ரெண்டு மேக்ரோ சேர்ந்த கண்டிஷன், ஏ டெஃபைன் ஆகியிருக்கணும் பி யும் ஆகியிருக்கணும்னு இருந்து, ஏ எப்பவும் ஆகியிருக்குன்னு நீங்க சொன்னா, மிச்சம் பி மட்டும்தான்னு அது சுருக்கித் தராது, வரியை அப்படியே விட்டுடும். ஏ ஆகலைன்னு சொன்னா மட்டும் மொத்தமே பொய்னு புரிஞ்சு வெட்டும். ஃபைலுக்குள்ளயே இருக்குற #டெஃபைன், #அன்டெஃப் வரிங்களை வச்சும் அது முடிவு பண்ணாது. அதனால ஓட்டி முடிச்சதும் அந்த மேக்ரோ பேரை திரும்ப க்ரெப் பண்ணி மிஞ்சினதை கையால எடுக்கணும்.

இப்ப சாட்சியை கூப்பிடலாம்

எனக்கு இந்த வேலைல ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு பில்ட், எல்லா ஆப்ஜெக்ட் ஃபைலோட எஸ்ஹெச்ஏ256 ஹேஷை (ஒரு பைட் மாறினாலும் மாறிடுற, கைரேகை மாதிரி ஒரு எண்) எடுத்து ஒரு ஃபைல்ல வச்சுக்கங்க. வெட்டுங்க, அதே டைரக்டரில, அதே கம்பைலர், அதே ஃப்ளாக்ல திரும்ப பில்ட், திரும்ப ஹேஷ். ரெண்டும் ஒண்ணா இருந்தா முடிஞ்சுது, அந்த பில்ட்டைப் பொறுத்தவரை நீங்க எதையும் மாத்தலை, இதுக்கு மேல எந்த டெஸ்ட்டும் குடுக்க முடியாத உறுதி இது.

முதல் தடவை பண்றப்ப ஹேஷ் மாறித்தான் வரும், பயப்படாதீங்க. வரி குறைஞ்சதால கீழ இருக்குற கோடோட வரி எண் எல்லாம் மாறியிருக்கும், அசர்ட்டும் லாக் மேக்ரோவும் __லைன்__ மூலமா அந்த எண்ணை பைனரிக்குள்ள எழுதியிருக்கும். இதுக்கு அன்இஃப்டெஃப்லயே வழி இருக்கு, மைனஸ் பி குடுத்தா வெட்டின வரிக்கு பதிலா காலி வரி வைக்கும், வரி எண் ஒண்ணும் நகராது. ஆக வேலையை ரெண்டா பிரிச்சுக்கங்க: முதல்ல காலி வரியோட வெட்டி ஹேஷ் ஒத்துப் போகுதான்னு பாருங்க, ஒத்துப் போனா கமிட். அப்புறம் காலி வரியை எடுத்து, இண்டெண்டை சரி பண்ணி இன்னொரு கமிட். ரெண்டாவது கமிட்ல வரி எண் தவிர வேற எதுவும் மாற வாய்ப்பே இல்லை, என்டீபக் போட்டு பில்ட் பண்ணி பார்த்தா பெரும்பாலும் அதுவும் ஒத்துப் போயிடும்.

டீபக் இன்ஃபோவை அணைச்சுட்டு ஒப்பிடுங்க, க்ளாங் ட்வார்ஃப் 5 ங்குற டீபக் இன்ஃபோ வடிவத்துல சோர்ஸ் ஃபைலோட எம்டி5 ஐயே உள்ள எழுதும், ஃபைல் மாறினா அதுவும் மாறும். கோடுல __டேட்__, __டைம்__ இருந்தா ஒவ்வொரு பில்ட்டும் வேற வேறதான் வரும், ஜிசிசி 7 ல இருந்து சோர்ஸ்_டேட்_எபாக்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிளை வச்சு நேரத்தை நிறுத்தி வைக்கலாம். எதையுமே மாத்தாம ரெண்டு தடவை பில்ட் பண்ணி ஹேஷ் ஒண்ணா வருதான்னு முதல்ல பார்த்துடுங்க, அதுவே வரலைன்னா ஒப்பிட்டு பிரயோஜனம் இல்லை. இதெல்லாம் பண்ணியும் மாறினா ஆப்ஜெக்ட் ஃபைலை ஆப்ஜ்டம்ப்ங்குற டூல்ல பிரிச்சு டிஃப் போட்டு எந்த ஃபங்ஷன் மாறியிருக்குன்னு பாருங்க, அங்க உண்மையான தப்பு ஒண்ணு இருக்கும்.

ஒண்ணை மட்டும் அழுத்திச் சொல்றேன். இந்த சாட்சி நீங்க பில்ட் பண்ணின கான்ஃபிகரேஷனுக்கு மட்டும்தான் பேசும். லினக்ஸ்ல ஒத்துப் போச்சுங்குறது விண்டோஸ் பில்ட்டைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லாது. சப்போர்ட் பண்றோம்னு சொல்ற ஒவ்வொரு ப்ளாட்ஃபார்ம்லயும், ஒவ்வொரு முக்கியமான ஆப்ஷன்லயும் இதை ஓட்டணும், சிஐ இருந்தா அது பண்ணிடும். வெளிய யாரோ டெஃபைன் பண்றாங்களாங்குறதையும் இது சொல்லாது, அதுக்கு முன்னாடி சொன்ன துப்பறியுற வேலைதான். வெட்டினது சரியாங்குறதை மெஷின் சொல்லும், வெட்டலாமாங்குறதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்.

வெட்டினதுக்கு அப்புறம் மிஞ்சுறது

ஒரு கிளை போனா அது மட்டும் கூப்பிட்டுக்கிட்டு இருந்த ஃபங்ஷனும் அனாதையாகும். ஸ்டாட்டிக் ஃபங்ஷன், லோக்கல் வேரியபிள்னா மைனஸ் டபிள்யூஆல் போட்டா கம்பைலரே சொல்லும். ஸ்டாட்டிக் இல்லாத ஃபங்ஷனை வேற ஃபைல் கூப்பிடலாம்னு கம்பைலர் சொல்லாது, லிங்கரை கேக்கணும், ஃபங்ஷன் செக்‌ஷன்ஸ் ஃப்ளாக்கோட பில்ட் பண்ணி லிங்க் பண்றப்ப ஜிசி செக்‌ஷன்ஸ், ப்ரின்ட் ஜிசி செக்‌ஷன்ஸ் ரெண்டும் குடுத்தா யாரும் தொடாத ஃபங்ஷனை எல்லாம் பேர் சொல்லும். எடுத்துட்டு திரும்ப பாருங்க, இன்னும் சிலது விழும். இந்த சுத்துல ஆப்ஜெக்ட் ஃபைல் மாறத்தான் செய்யும், அதனால இதை ஹேஷ் ஒத்துப் போன கமிட்டோட கலக்காதீங்க.

வடிவமும் அலங்கோலமா இருக்கும். "இஃப் பழசு, எல்ஸ்" வரைக்கும் #இஃப்டெஃப்குள்ள இருந்து மிச்ச ப்ளாக் வெளிய இருந்தா, வெட்டினதும் தலையில்லாத ஒரு அடைப்புக்குறி ப்ளாக் நிக்கும். சி ல அது செல்லும், கம்பைல் ஆகும், ஆனா படிக்குறவருக்கு எதுக்குன்னு புரியாது, கையால பிரிச்சு விடுங்க. மேக்ஃபைல்ல அந்த மேக்ரோவை குடுக்குற வரி, கான்ஃபிகர் ஆப்ஷன், ரீட்மீல அதைப் பத்தின பத்தி, இதையும் எடுங்க, இல்லைன்னா அடுத்து வர்றவர் அந்த ஆப்ஷனை போட்டுட்டு ஏன் ஒண்ணும் நடக்கலைன்னு தேடுவார்.

வெளிய குடுக்குற லைப்ரரி ஹெடரா இருந்தா கூடுதல் ஜாக்கிரதை வேணும். ஸ்ட்ரக்ட் நடுவுல ஒரு ஃபீல்டு #இஃப்டெஃப்குள்ள இருந்து, லைப்ரரி ஒரு மாதிரியும் யூஸ் பண்றவர் இன்னொரு மாதிரியும் டெஃபைன் பண்ணியிருந்தா ஸ்ட்ரக்ட் சைஸே வேற, மெமரி தாறுமாறாகும். இங்க வெட்டுறதை மேஜர் வெர்ஷன் மாறுறப்ப மட்டும் வச்சுக்கங்க.

போனது திரும்ப முளைக்காம பார்க்கவும் ஒரு வழி இருக்கு. ஜிசிசில பாய்சன்னு ஒரு ப்ராக்மா உண்டு, பொதுவான ஹெடர்ல #ப்ராக்மா ஜிசிசி பாய்சன் போட்டு அந்த பழைய பேரை எழுதிட்டா அதுக்கப்புறம் யாராவது அந்த பேரை கோடுல எழுதினா, #இஃப்டெஃப்ல எழுதினா கூட எர்ரர்தான். ஜிசிசியே தன்னோட சோர்ஸ்ல கைவிட்ட பழைய மேக்ரோங்களை இப்படித்தான் தடுத்து வச்சிருக்கு. க்ளாங்கும் இதை புரிஞ்சுக்கும். இல்லைன்னா அந்த பேர் டெஃபைன் ஆகியிருந்தா #எர்ரர்னு ரெண்டு மூணு வரி, பழைய பில்ட் ஸ்க்ரிப்ட் வச்சிருக்குறவருக்கு அது இன்னும் தெளிவா சொல்லும்.

ஒரு மேக்ரோவுக்கு ஒரு கமிட், கமிட் மெசேஜ்ல எந்தப் பக்கம் போச்சு, யார் யார் டெஃபைன் பண்ணலைன்னு எப்படி பார்த்தீங்க, எந்தெந்த பில்ட்ல ஹேஷ் ஒத்துப் போச்சு, இவ்வளவும் எழுதுங்க. பின்னாடி என்னைக்காவது ஒருத்தர் வந்து எனக்கு அது வேணும்னு சொன்னா அந்த ஒரு கமிட்டை மட்டும் கிட் ரிவர்ட் பண்ணலாம், பேர் மட்டும் ஞாபகம் இருந்தா கிட் லாக் மைனஸ் பெரிய எஸ் போட்டு பேரை குடுத்தா அது எப்ப வந்துச்சு எப்ப போச்சுன்னு ரெண்டும் காட்டும். முதல் தடவைக்கு ரெண்டே ஃபைல்ல வர்ற, எந்த டாக்குமெண்ட்லயும் பேர் இல்லாத ஒரு சின்ன மேக்ரோவா பார்த்து ஆரம்பிங்க.